பெண்பால் மீன்

1989 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. காலை 7.40.

பாடியில் தொழிற்சாலை மதில் ஓரமாகப் போகும் சந்தில், குழாயடியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள் கெங்கம்மாள். பக்கத்து வீட்டுக்குள் கண்ணாடி டம்ளர் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்து நாற்காலி சாய்ந்தது. அதற்கடுத்து விழுந்தது பூனையும் இல்லை, நாற்காலியும் இல்லை. அரிசியைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

முசே பால்ராஜ் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பாண்டிச்சேரிக்காரர், அறுபத்தொரு வயது. இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இந்தச் சந்தில் வாடகைக்கு வீடு பிடித்து பிரெஞ்சு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவர். சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போடாமல் ஒரு நாள் வாசலுக்கு வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் காலரைப் பிய்த்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். கெங்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய பாஷையில் ஏதோ சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தடவை வாய் மட்டும்தான் திறந்தது.

7.45க்கு உயிர் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதர் இல்லாமல் போக முடியும் என்பதை நம்ப மாட்டாமல், கெங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

காலை 8.25.

போலீஸ் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் ஜெயராமனும், ஸ்டேஷன் ரைட்டர் பரந்தாமனும் இறங்கினார்கள். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஸ்டேஷனில் புகாரும் வாக்குமூலமும் எழுதுகிற ஹெட் கான்ஸ்டபிள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஜாதி. மற்றவர்கள் எல்லாரும் சுதந்திர தின பந்தோபஸ்துக்குப் போய்விட்டதால் அன்றைக்கு அவரையும் வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று.

பரந்தாமனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி எழுதுவார். ஒரு தடவை குடிகாரன் ஒருவனின் வாக்குமூலத்தில் ஏழு விக்கலையும் எழுதி வைத்து, கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டுச் சிரித்ததில் கேஸே தள்ளுபடியானது. ஜெயராமன் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பரந்தாமன் அசந்து நின்றுவிட்டார். கதவில் ஒரு வெள்ளைச் சீட்டு. ஜன்னலில் ஒன்று. மேஜை, கடிகாரம், கண்ணாடி, அலமாரி, உப்பு ஜாடி, தண்ணீர்க் கூஜா என்று கண்ட இடமெல்லாம் பசை போட்டு ஒட்டிய சீட்டு, ஒவ்வொன்றிலும் நீல மசியில் பிரெஞ்சு எழுத்து. சுவரில் தொங்கிய சிலுவையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"அது முசேயோட பாடம் சார்," என்றான் வாசலில் நின்ற இளைஞன். "கண்ணுல படற பொருளுக்கெல்லாம் பேர் ஒட்டி வெச்சா தானா மனசுல பதியும்னு சொல்வார்."

அவன் பெயர் ஜேம்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இயந்திரக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். இருபத்தேழு வயது. தோளில் ரெக்சின் பை. கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து வரும் கடிதங்களைத் தமிழில் சொல்கிறவன் அவன்தான். முசேயிடம் இரண்டு வருஷமாகப் படிக்கிறான். ஞாயிறு எட்டு மணி வகுப்புக்கு வந்த இடத்தில் இந்தக் கோரம். அவனுக்குப் பின்னால், அதே கம்பெனியின் ஃபோர்மேன் தேவராஜும், ஆவடி டிஃபன்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் கல்லூரி மாணவி பத்மாவும் பேயறைந்தாற்போல் நின்றார்கள். முசேயிடம் படித்தது இந்த மூன்று பேர்தான்.

பரந்தாமன் மேஜையில் இருந்ததை எழுதினார். தட்டு ஒன்று, அதில் இட்லித் துணுக்கும் மீன் முள்ளும். சீட்டு ஒட்டிய கூஜா. கழுத்து வரை நிறைந்த நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று. பிறகு கெங்கம்மாளைக் கூப்பிட்டார்.

"டம்ளர் எங்கம்மா?"

"ஒடஞ்சிபூடுச்சு சார். ஆரு கால்லனா குத்திடப் போவுதுன்னு பெருக்கித் தள்ளி, தரையத் தொடச்சிட்டேன்."

ஜெயராமன் தலையில் அடித்துக்கொண்டார். "போலீசுக்குச் சொன்னது யாரு?"

"நான்தான். இந்தத் தம்பிதான் மொதல்ல வந்துச்சு. 'நீ போய் மெடிக்கல் ஷாப்புலேந்து போன் பண்ணு, நான் பாத்துக்கறேன்'னுச்சு. அப்பால மத்தவங்கல்லாம் வந்தாங்க."

"சாவறதுக்கு முன்னாடி இன்னாமோ சொன்னாருன்னு போன்ல சொன்னியே?" என்றார் பரந்தாமன்.

"லா புவாசோன். ரெண்டு வாட்டி. லா புவாசோன், லா புவாசோன். கோவம் வந்தாலும் சரி, குளுரு ஜொரம் வந்தாலும் சரி, அவருக்கு அந்த பாஷதான் வரும்."

சொன்னது சொன்னபடி எழுதினார்: லா புவாசோன்.

ஜெயராமன் நோட்டைப் பிடுங்கி ஜேம்ஸிடம் நீட்டினார். ஜேம்ஸ் அந்த வரியைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மீன் சார். புவாசோன்னா மீன்."

"முன்னாடி லா-ன்னு இருக்கே?"

"அது சும்மா சார். எல்லாப் பேருக்கும் முன்னாடி ஒட்டிக்கும். அர்த்தம் கிடையாது."

எல்லார் கண்ணும் ஒரே சமயத்தில் தட்டில் கிடந்த மீன் முள்ளுக்குப் போனது. சமையலறையில் நேற்று வைத்த மீன் குழம்புச் சட்டி இருந்தது. சமைத்தவள் கன்னியம்மா, பதினோரு வருஷமாக அந்த வீட்டில் ஆக்கிப் போடுகிறவள். நேற்று சாயங்காலம் முசே அவளைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினார் என்றும் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"முடிஞ்சது," என்றார் ஜெயராமன்.

9.15க்கு, பாத்திரம் தேய்க்கப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி சந்துக்குள் வந்தாள் கன்னியம்மா. கூட்டத்தைப் பார்த்து, "முசே ஐயாவுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். ஜெயராமன் பந்தோபஸ்திலிருந்து வரவழைத்திருந்த பெண் கான்ஸ்டபிள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முசேயின் மேஜை இழுப்பறையில், தேவராஜ் பேர் எழுதிய நோட்டுக்குள் ஒரு பிரெஞ்சுக் கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. அதையும் ஜெயராமன் ஜேம்ஸிடமே காட்டினார்.

"கம்பெனி லெட்டர் சார். மெஷினுக்கு எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாத்தணும்னு எழுதியிருக்கான்."

தங்கமான பையன் என்று ஜெயராமனுக்குத் தோன்றிவிட்டது. முசேயின் மற்ற காகிதங்களையும் படித்துச் சொல்லட்டும் என்று அவனை ஜீப்பின் முன் சீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

காலை 11.30. காவல் நிலையம்.

கன்னியம்மா லாக்கப் தரையில் குந்தியிருந்தாள். அழவில்லை. அதுதான் பரந்தாமனுக்கு உறுத்தியது.

"மீனு எங்க வாங்கின?"

"செம்பரம்பாக்கம் ஏரி மீனு சார். வேம்புலி சைக்கிள்ல எட்த்தாருவான். செவுளு செவப்பாத்தான் இருந்துச்சு, தொட்டுப் பாத்துதான் வாங்கினேன்."

"நேத்து ஏன் திட்டினாரு?"

"அலமாரியத் தொடைக்கசொல்ல ஒரு சீட்டு ஈரத்துல பிஞ்சிக்கினு வந்துடுச்சு. அதுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. பேரு இல்லாம ஒரு பொருளு என் ஊட்ல இருக்கக் கூடாதுன்னு தமிழ்லயும் சொன்னாரு. புதுசா எழுதி, அவரே பசை தடவி ஒட்டினாரு. அப்பால சிரிச்சிட்டாரு. இதுக்குப் போயா கேக்கறீங்க?"

பிறகு கம்பி அருகே நகர்ந்து வந்தாள்.

"நான் ஆக்கினதத் துண்ணுட்டுத்தான் செத்தாரா சார்? அவரே அப்டி சொல்லிட்டாரா?"

பரந்தாமன் நோட்டைப் புரட்டி, காலையில் எழுதிய வரியைப் பார்த்தார்.

"அவரு பொய் சொல்ல மாட்டாரு. நாந்தான்னு எழுதிக்க சார். எங்க கைநாட்டு வெக்கணும்?"

பரந்தாமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருஷமாக வாக்குமூலம் எழுதுகிறார். தூக்குக் கயிற்றை இப்படித் தானே கேட்டு வாங்கிக்கொண்ட ஒருத்தரை அவர் பார்த்ததில்லை. ஜெயராமனுக்கோ வேலை சுலபமாகிவிட்டது. "ஆறு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுல ஆஜர்படுத்தணும். அதுக்குள்ள எழுதி முடிய்யா," என்றார்.

12.20க்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் செய்தார். கெட்டுப்போன மீனில் இந்த வேகத்துக்கு உயிர் போகாது. வேண்டுமென்றே கலந்த விஷம். பட்டறைகளில் இரும்பைப் பதப்படுத்த வைத்திருக்கும் சயனைடு உப்பு மாதிரி தெரிகிறது, லேப் ரிப்போர்ட் வந்தால்தான் உறுதி.

"சமையக்காரிக்குப் பட்டறை உப்பு எங்க சார் கெடைக்கும்?" என்றார் பரந்தாமன்.

ஜெயராமன் யோசிப்பதற்குள் ஜேம்ஸ் மெல்லிய குரலில் சொன்னான். "சொல்லக் கூடாது சார், ஆனா எங்க கம்பெனியில அந்த உப்பு இருக்கற ரூம் சாவி தேவராஜ்கிட்டதான் இருக்கும். தேவைப்பட்டா யார் கேட்டாலும் தருவார். கன்னியம்மாவுக்குக்கூட அவரைத் தெரியும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேவராஜ் விருட்டென்று எழுந்தார். நாற்பத்தைந்து வயது, கையெல்லாம் தீக்காயத் தழும்பு.

"உக்காருங்க," என்றார் பரந்தாமன். "அந்த லெட்டர் உங்க நோட்ல எப்டி வந்துச்சு?"

"ஆபீஸ்ல ஜெராக்ஸ் எட்த்து வெச்சிருந்தாங்க சார். படிச்சிப் பழகலாமேன்னு ஒண்ணு கேட்டு வாங்கியாந்து, மடிச்சது மடிச்சபடி நேத்து சாயங்காலம் நோட்டோட முசே கைல குட்த்தேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"படிச்சாரு. என் முதுவத் தட்டினாரு. திங்கக்கெழம உனுக்கு ஒரு நல்ல சேதி கீதுன்னாரு. இன்னான்னு கேட்டா, மொதல்ல சொல்ல வேண்டியவன் சொல்லட்டும்னாரு."

"அப்பால?"

"என்னையும் பாப்பாவையும் கெளம்பச் சொல்லிட்டு, ஜேம்ஸ் தம்பிய மட்டும் இருக்கச் சொன்னாரு. நான் பஸ் ஏறிட்டேன்."

"முசே எனக்கு இலக்கணம் சொல்லிக் குடுத்தார் சார்," என்றான் ஜேம்ஸ்.

மணி 1.15 ஆயிற்று. ஜேம்ஸ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதாக எழுந்தான். ஜெயராமன் விடவில்லை. "பிரியாணி வரவழைச்சிருக்கேன், உட்காருங்க தம்பி." ஜேம்ஸ் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் இலைப் பொட்டலத்தை வைத்துச் சாப்பிட்டான். மேஜையில் இடம் இருந்தது.

பரந்தாமன் சாப்பிடவில்லை. எஃப்.ஐ.ஆரில் பேனா நின்றுவிட்டது. 'லா புவாசோன்' என்று எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுத வேண்டும். புவாசோன் என்றால் மீன். சரி. லா? செத்துப்போகிற மனிதர் இரண்டு தடவை சொன்ன வார்த்தைக்கு அர்த்தமே கிடையாதாமே. ஒரு வார்த்தையை அந்தரத்தில் விட்டுவிட்டு மேலே போக அவர் கை ஒத்துக்கொள்ளாது.

வெளியே வேப்பமரத்தடியில் பத்மா அப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பாப்பா, லா-ன்னா இன்னா?"

"லா போட்டா பெண்பால் சார். லு போட்டா ஆண்பால். பிரெஞ்சுல மேஜை நாற்காலிக்குக்கூட ஆண் பெண் உண்டு. லாவையோ லுவையோ சேர்க்காம வெறும் பேரைச் சொன்னா முசே பதிலே பேச மாட்டார். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சேர்த்துத்தான் சொல்லணும்பார்."

"தப்பா சேத்துட்டா?"

"நூறு தடவை எழுதணும். நானும் தேவராஜ் சாரும் எழுதிக்கிட்டே இருப்போம். ஜேம்ஸ் அண்ணன் மட்டும் ஒரு தடவைகூட எழுதினதில்லை. அவருக்கு லா, லு தப்பவே தப்பாது."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்துக்கு நடுவில் கோடு. இடது பக்கம் லா, வலது பக்கம் லு. ஒவ்வொரு பிரெஞ்சு வார்த்தைக்கும் எதிரே தமிழில் உச்சரிப்பு, அதற்கும் எதிரே பொருள். அவருக்குச் சரளமாகப் படிக்க வருவது தமிழ் எழுத்துதான். அதை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். லு வரிசையில் விரல் நின்றது. 'புவாசோன் — மீன்.' எதிரே லா வரிசையில் பார்த்தார். 'புவாசோன் — பானம், குடிப்பது.'

"இதே வார்த்தை ரெண்டு பக்கமும் கீதே?"

"இல்ல சார், ரெண்டும் வேற வேற. பிரெஞ்சுல எழுதும்போது ஒண்ணு போலீசுக்குப் போடற எழுத்து, இன்னொண்ணு பஸ்ஸுக்குப் போடற எழுத்து. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'ப' தானே, அதான்..."

அவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. பரந்தாமன் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார். கன்னியம்மாவைக் கம்பிக்குள் தள்ளியது இன்ஸ்பெக்டர் இல்லை, ஜேம்ஸும் இல்லை. தன் கை எழுதிய ஒரு 'ப'.

பிற்பகல் 2.40.

சைக்கிளில் பாடிக்கு மிதித்துப்போன பரந்தாமன், முதலில் கெங்கம்மாள் வீட்டு வாசலில்தான் இறங்கினார்.

"அந்த வார்த்தைய இன்னொரு தபா சொல்லு."

"இன்னா சார் வெளையாட்டா கீதா? லா புவாசோன்."

"மெதுவாச் சொல்லு. பல்லுல வர்ற 'ப'வா? பஸ்ஸுல வர்ற 'ப'வா?"

கெங்கம்மாள் கண்ணை மூடி, செத்தவர் வாயை நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

"பஸ்ஸு சார். பஸ்ஸு மாரிதான் சொன்னாரு. நான் காலைலயே அப்டித்தானே சொன்னேன்?"

சொல்லியிருக்கிறாள். அவர்தான் தமிழில் எழுதினார்.

பக்கத்து வீட்டுப் பூட்டைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மாதா கோயிலுக்குப் போய் வந்து, இட்லி தின்றுவிட்டு, முசே ஒரு டம்ளர் நன்னாரி கரைத்துக் குடிப்பார் என்று பத்மா சொல்லியிருந்தாள். வேறு நாளில் தொட மாட்டாராம். மேஜை மேல் அந்தப் பாட்டில் காலையில் பார்த்தபடி நின்றது. கூஜாவில் சீட்டு. மேஜையில் சீட்டு. உப்பு ஜாடியில் சீட்டு. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரன் ஒட்டிய லேபிளைத் தவிர எதுவும் இல்லை. கழுத்து வரை சர்பத். காலையில் இதிலிருந்து ஒரு டம்ளருக்கு ஊற்றியிருந்தால் கழுத்து வரை மிச்சம் இருக்காது.

காலையில் தானே எழுதிய வரிதான்: 'கழுத்து வரை நிறைந்த.' எழுதத் தெரிந்ததே தவிர யோசிக்கத் தெரியவில்லை என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மாலை 4.30.

ஸ்டேஷனில் ஜெயராமன், ஜேம்ஸ், தேவராஜ், பத்மா எல்லாரும் இருந்தார்கள். தேவராஜையும் கன்னியம்மாவோடு சேர்த்து ரிமாண்டுக்கு அனுப்பலாமா என்று ஜெயராமன் ஜேம்ஸோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், அவர் மீன்னு சொல்லல," என்றார் பரந்தாமன். "குடிக்கிற பானம்னு சொன்னாரு. விஷம் கொழம்புல இல்ல, சர்பத்துல."

பல்லையும் பஸ்ஸையும் விளக்கினார். ஜெயராமன் எரிந்து விழுந்தார்.

"அப்படீன்னா தப்பு உன்னுதுய்யா. நீ எழுதின 'ப'வைப் பார்த்து ஜேம்ஸ் மீன்னு சொன்னார். அவர் என்ன பண்ணுவார்?"

"'ப' என் தப்புதான் சார். ஒத்துக்கறேன். ஆனா 'லா'வை நான் சரியா எழுதியிருந்தேன். மீன் ஆண்பால். லு தான் வரணும். லா போட்டா அது மீன் ஆவறதுக்கு வழியே இல்ல. தேவராஜ் தப்பு பண்ணலாம், இந்தப் பாப்பா தப்பு பண்ணலாம். ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட லா, லு தப்பாதவரு இவரு. என் எழுத்தப் பார்த்த ஒடனே முசே இன்னா சொன்னாருன்னு இவருக்குப் புரிஞ்சிடுச்சு. அதான் நீங்க கேட்டப்போ, லாவுக்கு அர்த்தமே கெடையாதுன்னு சொன்னாரு."

"அதிர்ச்சியில கவனிக்கலை சார்," என்றான் ஜேம்ஸ். குரல் நடுங்கவில்லை.

"சரி. எண்ணெய் மாத்தற லெட்டர்ல தேவராஜ் பேரு ஏன் மூணு தடவ வருது? எனக்கு பிரெஞ்சு தெரியாது தம்பி. இங்கிலீஷ் எழுத்துல ஒரு பேர எழுதினா கூட்டிப் படிக்கத் தெரியும். பாப்பா, நீ படி."

பத்மா ஜெராக்ஸை வாங்கினாள். திக்கித் திக்கி, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். இங்கே வந்து பார்த்தபோது திரு. தேவராஜின் கைவேலை எங்களுக்குப் பிடித்திருந்தது. ஆறு மாதப் பயிற்சிக்குத் திரு. தேவராஜையே அனுப்புங்கள். திரு. தேவராஜுக்குப் பிரெஞ்சு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

தேவராஜ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "பிரான்சுக்கு உன்னத்தானே தம்பி கூப்டிருக்காங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்ன? போன மாசம் லட்டு குடுத்தியே?"

"மேனேஜருக்கு லெட்டரைத் தமிழ்ல சொன்னது இவருதானே," என்றார் பரந்தாமன். "உங்க பேரு வர்ற எடத்துல வேலையப் புகழ்ந்திருக்கான்னு சொல்லியிருப்பாரு." "நேத்து சாயங்காலம் முசே அதப் படிச்சிட்டாரு. ஒடனே கம்பெனிக்குப் போன் போட்டிருக்கலாம். போடல. திங்கக்கெழமைக்குள்ள நீயே போய் உண்மையச் சொல்லிடுன்னு இவர ஒக்கார வெச்சி சொல்லியிருக்காரு. படிக்கிற பையன் கெட்டுடக் கூடாதுன்னு ரெண்டு நாள் டயம் குட்த்தாரு. அந்த டயத்துலதான், இன்னிக்குக் காலைல முசே கோயிலுக்குப் போயிருந்தப்போ, இவரு பாட்டில்ல உப்பக் கலந்தாரு. சாவிதான் கேட்டவங்களுக்கெல்லாம் கெடைக்குமே."

"பாட்டில்தான் உன் கையிலயே இருக்கே, லேப்புக்கு அனுப்பு," என்றார் ஜெயராமன். அவர் குரல் இறங்கியிருந்தது.

"இதுல ஒண்ணும் இருக்காது சார். இது புதுசு. காலைல கெங்கம்மாவ போன் பண்ண அனுப்பிட்டு, பழச எட்த்துட்டு இத வெச்சிட்டாரு. பேரு இல்லாம ஒரு பொருளு அந்த ஊட்ல இருக்கக் கூடாது. இதுக்குப் பேரு இல்ல."

"பழசு எங்க?"

பரந்தாமன் ஜேம்ஸின் மடியைப் பார்த்தார். எட்டரை மணியிலிருந்து அவன் போலீசை விட்டுப் போகவே இல்லை. போக ஜெயராமன் விடவில்லை. ஜீப்பில் முன் சீட், ஸ்டேஷனில் நாற்காலி, மத்தியானம் பிரியாணி என்று உபசாரம் செய்து பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ஜெயராமனுக்கு முகம் கறுத்துவிட்டது. தானே எழுந்து போய் ரெக்சின் பையை இழுத்தார். ஜேம்ஸ் ஒரு கணம் விடாமல் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான். நோட்டுகளுக்கு அடியில், துண்டில் சுற்றி, பாதி சர்பத்தோடு ஒரு பாட்டில். அதன் வயிற்றில் வெள்ளைச் சீட்டு, நீல மசியில் இரண்டு வார்த்தை.

பத்மா அதைப் படிக்க வாயெடுத்தாள், முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அந்த விஷம் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே, இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறது.

"அவர் சொல்லியிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பாங்க," என்றான் ஜேம்ஸ், யாரையும் பார்க்காமல். "பாஸ்போர்ட் வந்தாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு."

தேவராஜ் அவன் முன்னால் போய் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து பந்தோபஸ்திலிருந்து திரும்பியிருந்த ஒரு கான்ஸ்டபிள் குறுக்கே வந்தான்.

"என்னக் கேட்டிருக்கலாமேடா தம்பி," என்றார் தேவராஜ். "எனுக்கு வாணாம், நீ போன்னு எழுதிக் குட்த்துட்டுப் போயிருப்பேனே. இதுக்கா அந்த மனுசன..."

ஜேம்ஸ் அப்போதுதான் தலையைக் குனிந்தான்.

மாலை 5.40.

பரந்தாமன் சாவியை எடுத்துப்போய் லாக்கப்பைத் திறந்தார். கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கிளம்பச் சொல்கிறார்கள் என்று நினைத்து, கைநாட்டு வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள்.

அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வாணாம்மா. உன் மீன் இல்ல. வேற ஒருத்தன் சர்பத்துல விஷத்தக் கலந்துட்டான். முசே அதத்தான் சொன்னாரு. நான் தப்பா எழுதிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பொய்யோ என்று சந்தேகப்படுவது போல, அவர் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப என் கொழம்பு?"

"நல்லா இருந்திருக்கு. தட்டுல முள்ளத் தவிர ஒண்ணும் மிச்சம் வெக்கல."

கன்னியம்மா தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"காலைலேந்து அழுவல சார்," என்றாள். "கொன்னவளே ஒக்காந்து அழுதா நாயமான்னு அடக்கிக்கினு இருந்தேன்."

அப்புறம்தான் அழத் தொடங்கினாள். பதினோரு வருஷம் சோறு போட்ட மனிதருக்காக, லாக்கப் தரையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு ஓங்கி அழுதாள். ஸ்டேஷனில் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.